எண்டோஸ்கோப்பி நார்மல், கொலோனோஸ்கோப்பி நார்மல், ஆனால் ரத்தம் குறைந்துகொண்டே போகிறது: கேப்சூல் எடுக்கலாமா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். அப்பாவுக்கு 66 வயது. ஏழு மாதமாக ஹீமோகுளோபின் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, இரண்டு தடவை ரத்தம் ஏற்றியாகிவிட்டது, நடுநடுவே மலம் கருப்பாகப் போகிறது. வாய் வழியாக எண்டோஸ்கோப்பி, கீழ்வழியாகக் கொலோனோஸ்கோப்பி, இரண்டுமே நார்மல். இப்போது டாக்டர் கேப்சூல் எண்டோஸ்கோப்பி, அதாவது விழுங்கும் சின்னக் கேமராவால் குடலைப் படம் பிடிக்கும் பரிசோதனை, எடுக்கச் சொல்கிறார். இதிலாவது தெரியுமா, இல்லை இன்னொரு நார்மல் ரிப்போர்ட்தான் கைக்கு வருமா, விழுங்கியது உள்ளேயே சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று, எல்லாம் சரி என்கிறார்கள், அப்படியானால் அப்பாவின் ரத்தம் எங்கேதான் போகிறது?

அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் இரைப்பை குடல் மருத்துவர், கேப்சூல் படங்களைப் படிப்பது பல வருடமாக என் வழக்கமான வேலைகளில் ஒன்று. அப்பாவை நான் பார்த்ததில்லை, அவருடைய ரிப்போர்ட்டுகளும் என் முன்னால் இல்லை, அதனால் கீழே சொல்வதை உங்கள் டாக்டரிடம் பேசுவதற்கான தயாரிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல.

வாய் வழியாகப் போகும் குழாய் இரைப்பையைத் தாண்டி சிறுகுடலின் தொடக்கம் வரைதான் எட்டும். கீழிருந்து வரும் குழாய் பெருங்குடல் முழுவதையும் பார்த்துவிட்டு, முடிந்தால் சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டரையும் எட்டிப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே ஆளுக்கு ஆள் மாறினாலும் சுமார் ஐந்தாறு மீட்டர் சிறுகுடல், மடிந்து சுருண்டு, யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. உணவுப்பாதையில் ரத்தம் கசிபவர்களில் ஏறக்குறைய 5 சதவீதம் பேருக்கு இந்த இரண்டு பரிசோதனையிலும் காரணம் பிடிபடுவதில்லை, அவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கோளாறு இந்த நடுப்பகுதியில்தான். ஆகவே உங்களுக்கு வந்த இரண்டு 'நார்மல்'களுக்கும் அர்த்தம், பார்த்த இடத்தில் ஒன்றும் இல்லை என்பதுதான். பார்க்காத இடம் நிறைய மிச்சம் இருக்கிறது.

ஆனாலும் கேப்சூலுக்கு ஓடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம். பார்த்த இடத்தையே சரியாகப் பார்த்தார்களா என்பதை அந்தப் பழைய ரிப்போர்ட்டுகளே சொல்லும், எடுத்துப் படியுங்கள். கொலோனோஸ்கோப்பி ரிப்போர்ட்டில் குடல் சுத்தம் எப்படி இருந்தது என்று எழுதியிருக்கும். 'ஓரளவு' என்றோ 'மோசம்' என்றோ இருந்தால் அந்த நார்மலை நான் நம்ப மாட்டேன். குழாய் சீக்கம் வரை, அதாவது பெருங்குடலின் தொடக்கம் வரை, போனதா என்றும் பாருங்கள். வாய்வழி எண்டோஸ்கோப்பியில் கோட்டைவிடக்கூடியவை சில உண்டு: இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்துக்கு மேலே ஏறியிருப்பவர்களுக்கு அந்த இறுக்கத்தில் உண்டாகும் நீளவாட்டுப் புண்கள், ரத்தம் கொட்டும்போது மட்டும் தலைகாட்டி மற்ற நேரம் மேல்தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் டியூலாஃபாய் என்ற ஒற்றை ரத்தக்குழாய், இரைப்பையின் கடைசிப் பகுதியில் தர்ப்பூசணித் தோல் போலக் கோடுகோடாகத் தெரிந்தும் சாதாரண அழற்சி என்று எழுதப்பட்டுவிடும் விரிந்த குழாய்கள். கேப்சூலில் நான் கண்டுபிடித்த 'காரணங்களில்' சில கடைசியில் இரைப்பைக்குள்ளேயே இருந்திருக்கின்றன. அதனால்தான் பல டாக்டர்கள் கேப்சூலுக்கு முன்னால் வாய்வழி எண்டோஸ்கோப்பியை இன்னொரு தடவை செய்யலாம் என்கிறார்கள். பணம் பிடுங்கும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்பா இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா? அதுவே மலத்தைக் கருப்பாக்கும். ரத்தத்தால் வரும் கருப்பு வேறு மாதிரி: தார் போல ஒட்டும், பளபளக்கும், நாற்றம் தாங்காது, தண்ணீர் ஊற்றினாலும் லேசில் போகாது. அடுத்தது வலி மாத்திரை. இதை ஒருமுறை கேட்டால் இல்லை என்பார்கள், இரண்டாவது முறையும் இல்லை என்பார்கள், மூன்றாவது முறை 'முட்டி வலிக்கு எப்போதாவது ஒன்று' என்று வரும், வீட்டில் போய்ப் பார்த்தால் அட்டை அட்டையாகக் காலியாகியிருக்கும். இந்த மாத்திரைகள் இரைப்பையை மட்டும்தான் புண்ணாக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், சிறுகுடலையும் அரிக்கும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சேர்த்துப் போட்டாலும் சிறுகுடலுக்கு அது காவல் இல்லை. இதய நோய்க்காக ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்க வேறு மருந்தோ சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள், அது இன்னொரு ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

சரி, கேப்சூலுக்கு வருவோம். 2000-ம் ஆண்டில் நேச்சர் என்ற அறிவியல் இதழில் முதல் அறிக்கை வந்தது, 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்னால் சிறுகுடலின் நடுவே பார்க்க வேண்டும் என்றால் அறுவை சிகிச்சை மேஜைதான் பல நேரம் ஒரே வழி. கேப்சூல் சுமார் 26 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் அகலம், எடை நான்கு கிராமுக்கும் குறைவு. ஒரு முனையில் கேமரா, சுற்றிச் சின்ன விளக்குகள், உள்ளே பேட்டரி, படங்களை அனுப்ப ஒரு டிரான்ஸ்மிட்டர், அவ்வளவுதான். அதை ஓட்டுவது யாரும் இல்லை, குடலின் இயல்பான அசைவுதான் தள்ளிக்கொண்டு போகிறது. முதலில் வந்தவை நொடிக்கு 2 படம் வீதம் எட்டு மணி நேரம் எடுத்தன, அதாவது ஐம்பதாயிரத்துக்கும் மேல். இப்போது வருபவற்றில் பேட்டரி இன்னும் நீண்ட நேரம் தாங்குகிறது, வேகமாக நகரும் இடத்தில் கூடுதலாகப் படம் எடுக்கும் வசதியும் சிலவற்றில் உண்டு. இடுப்பிலோ தோளிலோ மாட்டிய ரெக்கார்டரில் எல்லாம் பதிவாகும்.

நோயாளிக்குக் கஷ்டம் குறைவு. இரும்பு மாத்திரையை ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வோம், அது குடல் சுவரில் கருப்பாகப் படிந்து படத்தைக் கெடுக்கும். முந்தின நாள் தெளிவான திரவ உணவு, குடலைக் கழுவும் மருந்து, இரவிலிருந்து வெறும் வயிறு. விழுங்கி இரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீர், நான்கு மணி நேரம் கழித்து லேசான உணவு. மயக்க மருந்து இல்லை, நடமாடலாம். ஓரிரு நாளில் மலத்தோடு வெளியே வந்துவிடும், திருப்பித் தர வேண்டியதில்லை. வெளியே வந்தது உறுதியாகும் வரை எம்ஆர்ஐ அறைப் பக்கம் போகவே கூடாது, இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

மறுநாள் அந்தப் படங்கள் என் மேஜைக்கு வரும். இரைப்பை வாசலைத் தாண்டியதும் திரையில் காட்சி மாறும், வெல்வெட் துணி போல ஒரு பரப்பு, அதில் தண்ணீருக்கடியில் புல் அசைவது போல விரலளவு கூட இல்லாத குடலுறிஞ்சிகள் ஆடும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஒரே ஒரு படத்தில், ஒரு ஓரத்தில், செந்நிறத்தில் பெரணி இலை மாதிரி ஒரு புள்ளி வரும், அடுத்த படத்தில் இருக்காது. அந்த அரை நொடிதான் சில நேரம் முழு விடையும். ஒரு கேப்சூலைப் படிக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு அருகில் ஆகும், களைப்பாக இருக்கும் நாளில் படிக்கவே மாட்டேன். இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள் சந்தேகமான படங்களைப் பொறுக்கி முன்னால் வைக்கிறது, நேரம் நன்றாகவே மிச்சமாகிறது, ஆனால் அந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்வது இன்னும் படிப்பவர் கையில்தான்.

இனி உங்கள் முதல் கேள்வி, தெரியுமா தெரியாதா. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இப்படிப்பட்ட ரத்தக்கசிவில் சுமார் 60 சதவீதம் பேருக்கு ஏதோ ஒன்று தென்படுகிறது. ஆனால் இந்தச் சராசரியை விட முக்கியமானது, எப்போது எடுக்கிறீர்கள் என்பது. இத்தாலியில் 100 நோயாளிகளிடம் நடந்து 2004-ல் வெளியான ஆய்வு ஒன்றை நான் எல்லோரிடமும் சொல்வேன்: கண்ணுக்குத் தெரிய ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதே எடுத்தவர்களில் 92 சதவீதம் பேருக்குக் காரணம் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியாமல் கசிந்து ரத்தசோகையில் கொண்டுபோய் விட்டவர்களில் 44 சதவீதம், முன்பு ரத்தம் போய் அப்புறம் நின்றுவிட்ட பிறகு எடுத்தவர்களில் 13 சதவீதம்தான். ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கம் 2015-ல் ரத்தம் போனதிலிருந்து 14 நாளுக்குள் எடுக்கச் சொன்னது, 2022-ல் அதையே 48 மணி நேரம் என்று சுருக்கிவிட்டது. திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், அவன் போன பிறகு வீட்டைச் சோதனை போட்டால் கிடைப்பது குறைவு. என்னிடம் வந்த ஒரு அம்மாவுக்கு, கருப்பு மலம் நின்று மூன்று வாரம் கழித்து எடுத்த கேப்சூல் சுத்தமாக நார்மல். இரண்டு மாதம் கழித்து மறுபடி ஆரம்பித்தபோது மறுநாள் காலையே கேப்சூல் கொடுத்தோம். சிறுகுடல் நடுவில் புதிய ரத்தம் நூல் போல ஓடிக்கொண்டிருந்தது, அது தொடங்கும் இடத்தில் மிளகளவு ஒரு விரிந்த ரத்தக்குழாய். அதே அம்மா, அதே குடல், மாறியது நாள் மட்டும்தான்.

கண்டுபிடிப்பது என்ன? அப்பா வயதில் முதலிடம் ஆஞ்சியோஎக்டேசியா, வயதோடு சேர்ந்து விரிந்து மெலிந்துபோன சின்ன ரத்தக்குழாய்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், இதயத்தின் பெருந்தமனி வால்வு சுருங்கியவர்களுக்கும் இது அதிகம். வால்வுக்கும் குடல் ரத்தத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பை ஹைட் என்ற மருத்துவர் 1958-லேயே எழுதினார். அந்தக் குறுகிய வாசலில் ரத்தம் பாயும்போது உறைவதற்குத் தேவையான ஒரு புரதம் சிதைந்துபோகிறது, அதனால் கசிவு நிற்க மறுக்கிறது. அப்பாவின் இதயத்தை ஒருமுறை ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டிருப்பார்களா, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தார்களா என்று விசாரியுங்கள். இளம் வயதினரிடம் படம் வேறு: குடலில் நாள்பட்ட அழற்சி உண்டாக்கும் கிரோன் நோய், கட்டிகள், பிறவியிலேயே மிஞ்சி நிற்கும் மெக்கல் பை. வெப்பமண்டல நாடுகளில் கொக்கிப்புழுவும் காசநோய்ப் புண்ணும் பட்டியலில் சேரும். கேப்சூலில் கொக்கிப்புழு உயிரோடு குடல் சுவரைக் கவ்விக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை, இதை நான் அழுத்தமாகச் சொல்கிறேன். பார்த்ததெல்லாம் காரணம் ஆகிவிடாது. ஐம்பதாயிரம் படம் எடுத்தால் ஆரோக்கியமான குடலிலும் எங்கோ ஒரு சிவப்புப் புள்ளி, ஒரு சின்ன உரசல் தென்படும். அதனால் கண்டதை மூன்று தரமாகப் பிரிக்கும் ஒரு முறை இருக்கிறது: ரத்தம் கசிய வாய்ப்பே இல்லாதவை பி0, சொல்ல முடியாதவை பி1, கசியக்கூடியவை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய பெரிய ஆஞ்சியோஎக்டேசியா, புண், கட்டி போன்றவை பி2. ரிப்போர்ட்டில் 'சில சிவப்புப் புள்ளிகள்' என்று மட்டும் இருந்தால் அது எந்தத் தரம் என்று கேளுங்கள். பி1-ஐ நம்பித் தேடுவதை நிறுத்தியதால் உண்மையான காரணம் மாதக்கணக்கில் தப்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன், முதல்முறை அதைப் படித்ததில் நானும் ஒருவன், அதனால்தான் சொல்கிறேன்.

இன்னொரு நார்மல் வந்தால்? அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் முழு விடுதலைப் பத்திரம் இல்லை. கேப்சூலால் நின்று திரும்பிப் பார்க்க முடியாது, காற்று ஊதிக் குடலை விரிக்க முடியாது. சிறுகுடலின் முதல் பகுதியை அது விரைந்து கடந்துவிடும். குடல் சுவருக்குள் வளர்ந்து மேல்தோல் மழமழவென்று இருக்கும் ஒற்றைக் கட்டி மடிப்புக்குப் பின்னால் மறைந்துவிடலாம். இந்த மாதிரிக் கட்டியைப் பிடிப்பதில் குடலுக்கான சிறப்பு சிடி ஸ்கேன் கேப்சூலை விட மேல், சின்ன ரத்தக்குழாய்க் கோளாறைப் பிடிப்பதில் கேப்சூல் மேல், ஒன்று இன்னொன்றுக்கு மாற்று இல்லை. சிலருக்குக் கேப்சூல் இரைப்பையிலேயே மணிக்கணக்கில் தங்கி, பெருங்குடலை எட்டும் முன் பேட்டரி தீர்ந்துவிடும். பழைய கருவிகளில் ஆறில் ஒருவருக்கு ஏறக்குறைய இப்படி ஆனது, நீண்டகாலச் சர்க்கரை நோய் இருப்பவர்களிடம் இதைக் கூடுதலாகப் பார்க்கிறோம். எனவே 'நார்மல்' என்ற சொல்லுக்கு முன்னால் சிறுகுடல் முழுவதையும் பார்த்ததா, சுத்தம் எப்படி என்ற இரண்டையும் தேடுங்கள். முழுமையான, சுத்தமான நார்மல் என்றால் இரும்புச்சத்து கொடுத்துக் கவனித்துக்கொண்டிருப்பது பலருக்குப் போதும். கண்ணுக்குத் தெரியாமலிருந்த கசிவு தெரியும்படி மாறினாலோ, ஹீமோகுளோபின் 4 கிராம் அளவுக்கு விழுந்தாலோ மறுபடி கேப்சூல் எடுப்பதில் பலன் இருக்கிறது.

சிக்கிக்கொள்வது பற்றிய பயம் நியாயமானதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் வெளியே வராமல் உள்ளேயே நின்றால் அதைத்தான் சிக்கல் என்கிறோம். ரத்தக்கசிவுக்காக எடுப்பவர்களில் இது நூற்றுக்கு ஒருவர் சொச்சம், கிரோன் நோய் இருப்பவர்களில் அதைவிடக் கூடுதல். சிக்கினாலும் பெரும்பாலானவர்களுக்கு வலியோ அடைப்போ வருவதில்லை. முக்கியமாக ஒன்று, நல்ல குடலில் அது சும்மா போய் நிற்காது, அங்கே சுருக்கமோ கட்டியோ இருக்கும், பல நேரம் அதுவே நாம் தேடிய காரணமாகவும் இருக்கும். எடுப்பதற்கு நீண்ட குழாய் அல்லது அறுவை சிகிச்சை தேவைப்படலாம். ஆகவே அப்பாவுக்குச் சாப்பிட்டபின் சுருட்டிப் பிடிக்கும் வயிற்று வலி, வாந்தி, முன்பு செய்த வயிற்று அறுவை சிகிச்சை, வயிற்றில் கதிர்வீச்சு, வருடக்கணக்கில் வலி மாத்திரை, இதில் எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் சிடி எடுப்பார்கள், அல்லது கேமரா இல்லாத, சுமார் 30 மணி நேரத்தில் கரையத் தொடங்கும் ஒரு சோதனைக் கேப்சூலைக் கொடுத்து வழி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பேஸ்மேக்கர் இருந்தால் சொல்ல வேண்டும், நடைமுறையில் பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை.

கேப்சூல் கண் மட்டும்தான், கை இல்லை. திசு எடுக்காது, ரத்தத்தை நிறுத்தாது. கண்டுபிடித்த பிறகு பலூன் பொருத்திய நீண்ட குழாயை, 2001-ல் ஜப்பானில் யாமமோட்டோ அறிமுகப்படுத்திய முறை, மேலிருந்தோ கீழிருந்தோ செலுத்தி அந்த இடத்தைச் சுட்டு அடைக்கிறோம். மேலிருந்தா கீழிருந்தா என்பதைக் கேப்சூல் எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்ற கணக்கு சொல்லிவிடும். ஆனால் ஆஞ்சியோஎக்டேசியாவைச் சுட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் மறுபடி கசிகிறது, ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறக்கும். அவர்களுக்கு ஆக்ட்ரியோடைடு ஊசி உதவுகிறது. சீனாவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில் நான்கு மாதம் தாலிடோமைடு என்ற மருந்தைக் கொடுத்தபோது கசிவு நன்றாகக் குறைந்தது, என்றாலும் நரம்பு மரத்துப்போவது, தூக்கக் கலக்கம் போன்ற பக்கவிளைவுகள் இருப்பதால் கவனமாகத்தான் தருகிறோம். சிலருக்கு எதுவும் செய்யாமல் இரும்பை ரத்தக்குழாய் வழியாக அவ்வப்போது ஏற்றிக்கொண்டே நல்லபடியாக வாழ வைக்கலாம், அதைத் தோல்வியாக நான் நினைப்பதில்லை.

உங்கள் அப்பா விஷயத்தில், எழுதியிருப்பதை மட்டும் வைத்துச் சொன்னால், கேப்சூல் எடுப்பது சரியான அடுத்த படிதான் என்பது என் கருத்து. தேதியை மட்டும் காலியாக இருக்கும் ஏதோ ஒரு நாளுக்குக் குறித்துக்கொண்டு வராதீர்கள். அடுத்த தடவை தார் மாதிரி போனால் அன்றைக்கே கூப்பிடுகிறோம், ஒன்றிரண்டு நாளுக்குள் கேப்சூல் கொடுக்க முடியுமா என்று டாக்டரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மலம் கருப்பாகப் போகும் நாட்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள், சந்தேகமாக இருந்தால் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு அது கூச்சமில்லை. ஆனால் தலைசுற்றல், மயக்கம், நெஞ்சுவலி, படபடப்பு, அல்லது சிவப்பாக நிறைய ரத்தம் என்றால் அது கேப்சூலுக்குக் காத்திருக்கும் நேரம் இல்லை. நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அங்கே முதலில் ரத்தம் ஏற்றி, தேவைப்பட்டால் ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேன் எடுத்து, கசியும் குழாயை உள்ளிருந்தே அடைக்கும் வழியைப் பார்ப்பார்கள்.